மேசை ஞானியின் கறுப்புப் பைகள்

அந்த ஆண்டு எங்கள் ஊரில் எழுதுமேசைகள் எல்லாம் பளபளவென்று இருந்தன. எழுதத்தான் யாருமில்லை. எழுத வேண்டியவர்கள் எல்லாரும் மேசை ஞானியின் மாடிப்படியில் வரிசையில் நின்றார்கள்.

மேசை ஞானியின் கண்டுபிடிப்பு எளிமையானது. எழுதுகிறவர்கள் மேசைமேல் ஏதாவது ஒரு ஞாபகப் பொருள் வைத்திருப்பார்கள் இல்லையா? ஒரு கூழாங்கல், அப்பாவின் பழைய பேனா, உடைந்த பொம்மை, இப்படி. அதைத் தொட்டவர்களின் மூச்சு அதற்குள் உறைந்து கிடக்கிறதாம். மூச்சு விழித்திருந்தால் எழுத்து அருவியாகக் கொட்டும். மூச்சில் முடிச்சு விழுந்திருந்தால் பேனா முனையிலேயே அடைத்துக்கொள்ளும். மலச்சிக்கலுக்கு மருந்து விற்கிறவர்களும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்கள். இலக்கியம் என்றவுடன் மரியாதை கூடிவிட்டது.

அச்சகத்துக்கு மேல்மாடியில் அவர் அறை. முதலில் வந்தவர்கள் கவிஞர்கள். அவர்களுக்குத்தான் எப்போதும் நேரம் இருக்கிறது. பிறகு நாவல் எழுதுகிறவர்கள், நாடகம் எழுதுகிறவர்கள். கடைசியில், எழுத்து என்றால் காத தூரம் ஓடுகிறவர்கள்கூட வரத் தொடங்கினார்கள். ஒரு காப்பீட்டு அலுவலக மேலாளர் தம் மேசையிலிருந்த ஸ்டேப்ளரைக் கொண்டுவந்தார். அதில் முந்தைய மேலாளரின் மூச்சு இருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம். இருக்கிறது என்று ஞானி உறுதி செய்தார்.

பலன் இல்லாமலா இவ்வளவு கூட்டம்? ஒரு நாவலாசிரியர் ஞானியிடம் போய்வந்த பிறகு ஆயிரம் பக்க நாவல் ஒன்றை முடித்துவிட்டார். போவதற்கு முன்பும் அவர் ஆயிரம் பக்கத்துக்குக் குறைந்து எதையும் முடித்ததில்லை. அது யாருக்கும் நினைவு வரவில்லை. போய்வந்தும் ஒரு வரி எழுத வராதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுக்கு நம்பிக்கை போதவில்லை என்று மற்றவர்கள் முடிவு கட்டினார்கள். நோயாளி பிழைத்தால் வைத்தியர் கெட்டிக்காரர், செத்தால் நோயாளிக்கு ஆயுள் கெட்டி இல்லை.

ஞானியாவதற்கு முன் அவர் முடி வளரும் எண்ணெய் விற்றார். வியாபாரம் நன்றாகத்தான் போயிருக்கும், அவருடைய தலையே எதிர்ப்பிரசாரம் செய்யாமல் இருந்திருந்தால். மூச்சு வியாபாரத்தில் அந்தத் தொல்லை இல்லை. மூச்சு கண்ணுக்குத் தெரியாது.

அவரிடம் போகிறவர்கள் பொருளைக் கறுப்புத் துணிப்பையில் போட்டு வாயைக் கட்டித் தர வேண்டும். ஞானி பையைத் திறக்க மாட்டார். "கண்ணால பார்த்தா கண்ணு குறுக்கப் பேசும்" என்பார். பையைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். அறையில் ஊசி விழுந்தால் கேட்கும். பிறகு, "பேசுது" என்பார். அந்தப் பொருள் யாருடையது, அவர் எப்படிப்பட்டவர், எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று பிட்டுப் பிட்டு வைப்பார். கொண்டுவந்தவர் ஓவென்று அழுவார். கட்டணம் என்று எதுவும் கிடையாது. விரும்பியதைக் கொடுத்தால் போதும். எவ்வளவு விரும்ப வேண்டும் என்பதை மட்டும் ஞானி சொல்லிவிடுவார்.

முடிச்சு விழுந்த பொருளை அவரே வாங்கி வைத்துக்கொள்வார். அதற்குப் பதிலாக மூச்சு விழித்த பொருள் ஒன்றைப் பையில் போட்டுத் தருவார். அந்தப் பையை மேசைமேல் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரே ஒரு நிபந்தனை. பையைத் திறக்கக் கூடாது, பொருள் யார் கண்ணிலும் படக் கூடாது. பட்டால் மூச்சு மறுபடி தூங்கிவிடும்.

இந்த வரிசையில் ஒருநாள் ஒரு நாவலாசிரியையும் போய் நின்றார்.

அவருடைய கணவர் கடிகாரம் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். இறந்து இரண்டாண்டு ஆகிறது. அவர் ஒற்றைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு வேலை பார்த்த சின்ன லென்ஸ் அந்த அம்மாளின் மேசைமேல் இருந்தது. யோசனை வரும்போதெல்லாம் அதன் கறுப்பு விளிம்பைக் கடிப்பது அந்த மனிதரின் வழக்கம். பல் தடம் அப்படியே இருந்தது. எழுத்து நகராத நாட்களில் அந்த அம்மாள் லென்ஸைக் கண்ணில் வைத்துத் தம் கையெழுத்தையே பார்ப்பார். காற்புள்ளி ஒன்று தலைப்பிரட்டை மாதிரி கொழுத்துத் தெரியும். "நீ எழுதறதுலேயே இந்தக் கமாதான் உருப்படியா இருக்கு" என்று கணவர் ஒருமுறை கேலி செய்தது நினைவு வரும். சிரிப்பு வரும். சிரித்த பிறகு அடுத்த வரியும் பெரும்பாலும் வந்துவிடும்.

இப்போது பாதி நாவலில் நின்றுபோய் மாதக்கணக்கு ஆகிவிட்டது. காற்புள்ளியைப் பார்த்தாலும் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது. அப்படிப்பட்ட நேரத்தில்தான் மனிதர்கள் மாடிப்படி ஏறுகிறார்கள்.

காத்திருக்கும் அறையில் ஒரு வயதான அம்மாள் கம்பளி நூலால் ஏதோ பின்னிக்கொண்டிருந்தார். நோட்டம் பார்க்கிற முகம் இல்லை, பால் வடிகிற முகம்.

"புதுசா வர்றீங்களாம்மா? நானும் இப்படித்தான் அழுதுட்டே வந்தேன். இப்ப மனசு லேசாயிடுச்சு. யாரு, வீட்டுக்காரரா?" என்று கேட்டார் பின்னல் அம்மா.

அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. கடை, லென்ஸ், பல் தடம், ஆஸ்பத்திரி, கடைசி நாள் எல்லாம் மளமளவென்று கொட்டின. பின்னல் அம்மா உச்சுக்கொட்டினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். சரியாகக் கதை முடிந்ததும் அவருக்கு நூல் தீர்ந்துவிட்டது. "உள்ளே ஒரு உண்டை வெச்சிருக்கேன், எடுத்துட்டு வந்துடறேன்" என்று எழுந்து போனார்.

சற்று நேரத்தில் நாவலாசிரியைக்கு அழைப்பு வந்தது. ஞானி பையைக் காதில் வைத்தார்.

"பேசுது... டிக் டிக்னு ஒரு சத்தம். சுத்திலும் கடிகாரம். ஒருத்தர் குனிஞ்சு உக்கார்ந்திருக்கார். எதையோ கடிக்கிறார்..."

"அவரேதான்" என்றார் நாவலாசிரியை. அதற்குப் பிறகு ஞானி சொன்ன எதையும் அவர் சந்தேகிக்கவில்லை. லென்ஸில் முடிச்சு விழுந்திருக்கிறது, அதை வைத்திருக்கும்வரை எழுத்து வராது, போனவருக்கும் நிம்மதி கிடையாது என்றார் ஞானி. அந்தக் கடைசி வார்த்தைதான் வேலை செய்தது. தமக்கு எழுத்து வராவிட்டாலும் பொறுத்துக்கொள்வார். கணவருக்கு நிம்மதி இல்லை என்றால் எப்படி? லென்ஸைக் கொடுத்துவிட்டு வேறொரு பையோடு வீடு திரும்பினார்.

மறுநாள் மதியம் நாத்தனார் வந்தாள். கணவரின் ஒரே தங்கை. எடை அளவுத் துறையில் ஆய்வாளர். கடைகடையாக ஏறித் தராசையும் படிக்கல்லையும் சோதிக்கிறவள். அதனால் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அவள் 'தராசு'தான். விருந்துக்குப் போனாலும் கரண்டியை நிறுத்துப் பார்ப்பாள் என்று பின்னால் பேசிக்கொள்வார்கள்.

தராசு மேசையைப் பார்த்தாள். அப்புறம் அண்ணியைப் பார்த்தாள்.

"லென்ஸ் எங்க அண்ணி?"

அண்ணி சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே குரல் இறங்கிக்கொண்டு போனது. தராசு லென்ஸ் இருந்த இடத்தைக் கையால் தடவினாள். அவள் முகத்தில் கோபத்தைவிட வேறொன்று தெரிந்தது. அந்த லென்ஸ் அவளுக்கும் அண்ணனுடையது.

"இதுக்குள்ள என்ன இருக்கு?" என்று கறுப்புப் பையைக் காட்டினாள்.

"யாருக்கும் காட்டக் கூடாதும்மா. மூச்சு தூங்கிடும்."

"நேத்துலேர்ந்து எவ்வளவு எழுதினீங்க?"

"ஒண்ணும் எழுதல."

"அப்ப ஏற்கெனவே தூங்கிட்டுத்தான் இருக்கு போல."

அண்ணிக்குச் சுருக்கென்றது. "நீ கேலி பண்ணாத. உங்க அண்ணன் விளிம்பைக் கடிச்சதுகூட ஞானிக்குத் தெரிஞ்சிருக்கு. பையைத் திறக்கவே இல்ல. என் கண்ணால பார்த்தேன். அதுக்கு என்ன சொல்ற?"

"உள்ள போறதுக்கு முன்னால யார்கிட்டயாவது பேசினீங்களா?"

"யாருமில்ல." சற்று யோசித்தார். "ஒரு வயசான அம்மா. பாவம், அவங்களும் நம்மள மாதிரி வந்தவங்க. பின்னிட்டிருந்தாங்க."

"பேசின அப்புறம் அந்தம்மா அங்கேயே இருந்தாங்களா?"

"நூல் எடுக்க உள்ள..." அண்ணி பாதியில் நிறுத்தினார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டார். "சேச்சே. அந்த முகத்தைப் பார்த்தா அப்படித் தெரியல."

"கள்ளத் தராசும் பார்க்கப் பளபளன்னுதான் இருக்கும் அண்ணி. நான் அவர் மோசக்காரர்னு சொல்லல. பார்த்துடலாம்னு சொல்றேன். கடையில தராசு சரியான்னு நாங்க எப்படிப் பார்ப்போம் தெரியுமா? இந்தத் தட்டுல இருக்கறதை அந்தத் தட்டுலயும் அதை இதுலயும் மாத்தி வெப்போம். நல்ல தராசுன்னா முள்ளு அசையாது. அவ்வளவுதான் சோதனை. அவரையும் தட்டு மாத்திப் பார்ப்போம்."

"அவர் சொல்றது நிஜமா இருந்துட்டா?"

"நிஜமா இருந்தா எங்க அண்ணன்கிட்ட பேசறதுக்கு நானே வரிசையில நிக்கறேன்."

அந்த வாரக் கடைசியில் ஞானி பெரிய மண்டபம் ஒன்றை எடுத்து 'மூச்சுப் புதுப்பிப்பு' நடத்தினார். மூச்சு என்றாலும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும், நூலக அட்டை மாதிரி. ஏற்கெனவே விழித்த பொருளை வாங்கியவர்கள் எல்லாரும் பையோடு வந்திருந்தார்கள். புதிதாகப் பொருள் கொண்டுவருகிறவர்களுக்கு மேடையிலேயே வாசிப்பு உண்டு. முதல் வரிசையில் ஊரின் பெரிய விமர்சகர் மடியில் பையை வைத்துக்கொண்டு, யாராவது தம்மைப் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரால் பாராட்டப்பட்ட ஒரு கவிஞரும், திட்டப்பட்ட பலரும் பின்னால் இருந்தார்கள்.

அண்ணியும் நாத்தனாரும் ஆளுக்கொரு பேனாவைப் பையில் போட்டு எடுத்துப் போனார்கள். அண்ணியுடையது அவருடைய அப்பாவின் பேனா. தபால் நிலையத்தில் வேலை பார்த்த அப்பாவுக்கு, ஓய்வு பெற்ற அன்று கூட வேலை பார்த்தவர்கள் பெயர் பொறித்துப் பரிசாகக் கொடுத்தது. தராசினுடையது அன்று காலை மண்டபத்துக்கு வரும் வழியில் கடையில் வாங்கியது. விலைச்சீட்டைக்கூடப் பிரிக்கவில்லை.

வாசலை ஒட்டிய நாற்காலியில் பின்னல் அம்மா இருந்தார். அதே பின்னல்தான். போன முறை பார்த்ததைவிட ஓர் அங்குலம்கூட வளர்ந்திருக்கவில்லை. அண்ணி அதைக் கவனித்தார். நாவல் எழுதுகிறவர், கவனிக்காமல் இருக்க முடியுமா? முதல் முறையாக அவருக்கே சந்தேகம் தட்டியது.

இருந்தாலும் பேசிவைத்தபடி அப்பாவைப் பற்றிச் சொன்னார். தராசு தன் கணக்கு வாத்தியாரைப் பற்றிச் சொன்னாள். தப்பாகப் போட்ட கணக்குக்கு அடிக்காமல், தாமும் உட்கார்ந்து அழுத வாத்தியார். அவர் கொடுத்த பேனா இது என்றாள். அப்படி ஒரு வாத்தியாருக்கு அவள் எங்கே போவாள்? அவளுடைய வாத்தியார் அடித்தார். பின்னல் அம்மாவுக்கு நூல் தீர்ந்தது. எழுந்து போனார்.

அவர் தலை மறைந்ததும் அண்ணியும் நாத்தனாரும் பைகளை மாற்றிக்கொண்டார்கள்.

முதலில் அண்ணியைக் கூப்பிட்டார்கள். கடையில் வாங்கிய புதுப் பேனா இருந்த பையை ஞானி காதில் வைத்தார். மண்டபமே மூச்சை அடக்கிக்கொண்டது.

"பேசுது... முத்திரை குத்துற சத்தம் கேட்குது. டப், டப்... கடுதாசி மூட்டை. அப்பா! உங்க அப்பாதானேம்மா? 'எம் பொண்ணு எழுதறதை நான் படிக்காமலே போயிட்டேனே'ன்னு அழறார்."

கூட்டத்தில் விசும்பல் கேட்டது. அண்ணி மட்டும் அழவில்லை. பையை வாங்கிக்கொண்டு மேடையிலேயே ஓரமாக நின்றார்.

அடுத்து தராசு. ஞானி கண்ணை மூடினார்.

"கரும்பலகை தெரியுது. சுண்ணக்கட்டித் தூசி. ஒரு வாத்தியார் தலையில கைவெச்சுட்டு அழறார். கணக்குத் தப்பாயிடுச்சு..."

"கணக்கு தப்பாத்தாங்க ஆயிடுச்சு" என்றாள் தராசு. பையை அவர் கையிலிருந்து வாங்கி முடிச்சை அவிழ்த்தாள். பேனாவை எடுத்து முதல் வரிசைக்கு நீட்டினாள். "சார், நீங்க விமர்சகர். நல்லா வாசிப்பீங்க. இதுல என்ன எழுதியிருக்கு?"

விமர்சகர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். தபால் நிலையத்தின் பெயர், ஓய்வு பெற்றவரின் பெயர், வாழ்த்துகள்.

"இது எங்க அண்ணியோட அப்பா பேனா. என் வாத்தியார் இதுக்குள்ள எப்படி வந்தார்? அண்ணி, உங்க பையைத் திறங்க."

அண்ணி திறந்தார். விலைச்சீட்டு ஆடியது.

"இன்னிக்குக் காலையில கடையில வாங்கினது. இதுக்குள்ள போய் அண்ணியோட அப்பா அழறாராம். நாங்க வெளியில அந்தம்மாகிட்ட சொன்ன கதையை இவர் உள்ள சொல்றார். பையை மாத்திட்டோம், கதை மாறல. பேசினது பேனாவா, அந்தம்மாவா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்னல் அம்மாவின் நாற்காலி காலியாக இருந்தது. பின்னல் மட்டும் கிடந்தது.

கூட்டம் உடனே ஞானிமேல் பாய்ந்தது என்று நினைத்தால், உங்களுக்குக் கூட்டத்தைத் தெரியாது. கூட்டம் தராசுமேல் பாய்ந்தது. "நல்ல காரியத்தைக் கெடுக்க வந்துட்டா", "மூச்சைச் சோதிக்கலாமா?", "பெரியவங்களை ஏமாத்தினது யாரு, நீங்கதானே?" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். ஏமாந்தவனுக்கு ஏமாற்றியவன்மேல் கோபம் வர நாளாகும். எழுப்பியவன்மேல் உடனே வந்துவிடும்.

ஞானிக்கும் தெம்பு வந்தது. "பையை மாத்தினதால மூச்சு கலங்கிப்போச்சு" என்றார் சாந்தமாக. பலர் தலையாட்டினார்கள்.

அப்போது அண்ணி கைப்பையிலிருந்து இன்னொரு கறுப்புப் பையை எடுத்தார். ஞானி கொடுத்தது. மேடையில் நின்றபடி அதைத் தலைகீழாகக் கவிழ்த்தார். வெள்ளை வரி ஓடிய சாம்பல் நிறக் கல் ஒன்று உள்ளங்கையில் விழுந்தது.

"திறக்காதீங்க!" என்று ஞானி அலறினார். அவர் உண்மையிலேயே பயந்தது அப்போதுதான்.

நடுவரிசையிலிருந்து, விமர்சகர் பாராட்டிய அந்தக் கவிஞர் எழுந்தார். "அது... அது என் கல்லு!"

"என்ன சொல்றீங்க?" என்றார் அண்ணி.

"என் மக கடற்கரையில பொறுக்கிக் குடுத்தது. அந்த வெள்ளைக் கோட்டை அவ அலைன்னு சொல்வா. அவ இப்ப வேற நாட்டுல இருக்கா. முடிச்சு விழுந்திருக்குன்னு இவர்தான் வாங்கி வெச்சுக்கிட்டார். அது உங்க கைக்கு எப்படி..."

அவர் முடிக்கவில்லை. தம் கையிலிருந்த பையை வெறித்துப் பார்த்தார். பிறகு மெல்ல அவிழ்த்தார். உள்ளே ஸ்டேப்ளர். காப்பீட்டு மேலாளர் இரண்டு வரிசை தாண்டி ஓடிவந்து அதைப் பிடுங்கிக்கொண்டார்.

அதற்கப்புறம் மண்டபத்தில் கேட்டதெல்லாம் முடிச்சு அவிழும் சத்தம்தான். ஒருவரின் தாத்தா கைத்தடிப் பூண் இன்னொருவரிடம் இருந்தது. அவருடைய மனைவியின் கம்மல் வேறொருவரிடம் விழித்திருந்தது. ஒருவரிடம் முடிச்சு விழுந்தது, அடுத்தவரிடம் வரம். முதல் வரிசை விமர்சகர் பையைத் திறக்காமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். தராசு அவர் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

"எனக்கு இதுல ஆழமான பார்வை கிடைச்சிருக்கு" என்றார் அவர் பலவீனமாக.

"எடுங்க சார்."

எடுத்தார். ஒற்றைக்கண் லென்ஸ். கறுப்பு விளிம்பில் பல் தடம். தராசு அதை விரலால் தடவிப் பார்த்தாள். இவ்வளவு நேரம் அத்தனை பேருக்கு நடுவே அசையாமல் நின்றவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மேடைக்குப் போய் அண்ணி கையில் வைத்தாள்.

மேடைக்குப் பின்னாலிருந்த பெட்டியைச் சிலர் இழுத்துவந்து கொட்டினார்கள். பொத்தான், சாவி, மூக்குக்கண்ணாடி, குழந்தைக் காலணி என்று ஒரு குவியல். பாதிக்குச் சொந்தக்காரர்கள் அங்கே இல்லை. கவிஞர் குவியலிலிருந்து காலணியை எடுத்து ஞானியின் கையில் வைத்தார்.

"ஐயா, இது யாரோடதுன்னு தெரியல. தேடிக் குடுக்கணும். காதுல வெச்சுக் கேட்டுச் சொல்லுங்களேன்."

ஞானி காலணியைப் பார்த்தார். காதுவரை கொண்டுபோனார். அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவரால் கண்ணை மூட முடியவில்லை.

"எனக்கு... எதுவும் கேட்கல" என்றார்.

அவர் தொழில் வாழ்க்கையில் சொன்ன முதல் உண்மை அது. அதற்காகவாவது பாராட்டலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. வாங்கியதை எல்லாம் திருப்பித் தரும்வரை அவரை மண்டபத்தைவிட்டு நகர விடவில்லை.

திரும்பி வரும்போது அண்ணி லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அப்ப இதுல அவர் இல்லவே இல்லையா?"

"அண்ணன் இதுல இல்ல அண்ணி. ஆனா இது அண்ணனோடது. ரெண்டும் வேற வேற. அவர் கடிச்சது நிஜம். அதைப் பார்த்தா உங்களுக்கு அவர் ஞாபகம் வர்றது நிஜம். அதுக்கு நடுவுல ஒரு தரகர் எதுக்கு?"

லென்ஸ் மேசைக்குத் திரும்பியது. அன்றே எழுத்து கொட்டியது என்று எழுதினால் கதை அழகாக முடியும். கொட்டவில்லை. பல நாள் உட்கார்ந்து, நின்றுபோன அத்தியாயத்தை முதலிலிருந்து படித்த பிறகுதான் அந்த அம்மாளுக்கு விஷயம் பிடிபட்டது. அத்தியாயம் மோசமாக இருந்தது. முடிச்சு மூச்சில் விழவில்லை, கதையில் விழுந்திருந்தது. முழுவதையும் கிழித்துப் போட்டுவிட்டு வேறு மாதிரி எழுதத் தொடங்கினார். இடையில் அலுப்பு வரும்போது லென்ஸைக் கண்ணில் வைத்துக் காற்புள்ளியைப் பார்த்தார். சிரிப்பு வந்தது.

ஊர் திருந்திவிட்டதா என்று கேட்கிறீர்களா? இப்போது ஒருவர் வந்திருக்கிறார். அவர் மேசையைத் தொடுவதே இல்லை, நாற்காலியை மோந்து பார்த்துப் பலன் சொல்கிறார். மண்டபத்தில் பையை அவிழ்த்தவர்களில் பாதிப்பேர் நாற்காலியைத் தலையில் சுமந்துகொண்டு அங்கே வரிசையில் நிற்கிறார்கள். ஐயா, அம்மா, மேசைமேல் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், நாற்காலியையும் சுமந்துகொள்ளுங்கள், ஒன்றும் குற்றமில்லை. ஆனால் தலை என்பது சுமப்பதற்கு மட்டும் கொடுக்கப்பட்டதா என்று, வரிசை நகர்வதற்குள் ஒருமுறை யோசித்துவிடுங்கள்.